புகை போட்ட சீஸும் நீல வட்டங்களும்

ஐஸ் விற்கிறவளுக்கு இவ்வளவு சூடு ஆகாது என்று மரக்காணத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று தெரியாது. பேசி முடித்த பிறகுதான் அடடா என்று தோன்றும். கையில் ஐஸ் உடைக்கிற சுத்தியல் இருக்கும்போது இவளிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று என் வீட்டுக்காரரே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைப்பார்.

அப்படிப்பட்ட நான் பயந்தது ஒரே ஒருத்திக்குத்தான். எங்கள் பின்வீட்டில் ஒன்றரை வருஷம் வாடகைக்குக் குடியிருந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவளைக் கேட்காமல் சொல்வது சரியில்லை. கேட்கலாம் என்றால் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் தெரியாது. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் ஏன் பயந்தாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடலில் அந்த சுனாமி அலை வந்து போனதற்கு அடுத்த கோடை. என் ஐஸை வாங்க ஆள் இல்லை. பாதி போட்டுகள் உடைந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த மீனையும் ஜனங்கள் வாங்கத் தயங்கினார்கள். மரத்தூளுக்குள் புதைத்துவைத்த ஐஸ் பார் என் கண் முன்னாலேயே தண்ணீராய்ப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் புதிதாகக் குடிவந்தவள் ஒரு நாள் மத்தியானம் வாளியோடு வந்து கால் பார் ஐஸ் கேட்டாள். மீனுக்கா என்றேன். இல்லை, சீஸுக்கு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரக்காணத்தில் சீஸ் தின்கிறவன் யார்?

அவள் புருஷன் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற என்ஜின் ஓட்டினான். அவளும் விடியற்காலையில் அதே உப்பளத்துக்குப் போய் உப்பு வாரி, தலையில் சுமந்து, பத்து பத்தரைக்குத் திரும்புவாள். அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஆரோவில் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வீட்டில் சமையல் வேலை. அவர்கள்தான் சீஸுக்குப் புகை போடக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் தங்கள் ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள். இவளுக்கு மிஞ்சியது முள் வைத்த ஒரு தெர்மாமீட்டரும் அந்த வேலையும்தான்.

உப்பளம் அவள் காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி, ஆறுவதற்குள் மறுநாள் மறுபடியும் உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும். செருப்புப் போட முடியாமல் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பாள். பார்க்கிற எனக்கே கால் கூசும்.

அதிலிருந்து வெளியே வர அவளுக்கு ஒரு வழி வந்தது. பொம்மையார்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதி. அங்கே தலைமைச் சமையல்காரர் கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தர். துபாய் ஹோட்டலில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். புகை போட்ட சீஸ் வாராவாரம் வேண்டும், மலையிலிருந்து வருவது ஒழுங்காக வருவதில்லை, வெயில் காலத்திலும் உன்னால் செய்ய முடியும் என்று காட்டினால் உனக்கே கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். பழகிப் பார்க்க முதலில் கொஞ்சம் சாதாரண சீஸ் கொடுத்திருந்தார். அது கிடைத்துவிட்டால் அவள் உப்பில் கால் வைக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் அவள் கேட்டது.

இதில் என்ன பெரிய வித்தை, வாழைத்தாருக்குப் புகை போடுகிற மாதிரிதானே என்று கேட்டேன். முதல் நாள் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். சீஸின் மேல் புகைதான் படவேண்டும். சூடு படவே கூடாது. சூடு பட்டால் அதற்கு வேர்க்கும். மேலே எண்ணெய் முத்து முத்தாய்க் கசியும். அப்புறம் அது சீஸ் இல்லை, மெழுகு. நம் ஊர் சித்திரை வெயிலில் நெருப்பே இல்லாமலும் அதற்கு வேர்க்கும்.

காயலான் கடையிலிருந்து ஓடாத பிரிட்ஜ் ஒன்று வாங்கி, என் கொல்லைப்புற நிழலில் நிறுத்தினாள். புகை வருகிற டின்னை ஆறடி தள்ளி வைத்தாள். நடுவில் புருஷன் கொண்டுவந்து கொடுத்த பழைய இரும்புக் குழாயை ஈர மணலில் புதைத்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டாள். டின்னில் எரிகிற புகை அந்த ஆறடியைக் கடந்து பிரிட்ஜுக்குள் நுழையும்போது கைக்குச் சில்லென்று இருக்கும்.

முதல் தடவை ஐஸைக் குழாயின் மேல் மட்டும் போட்டாள், பிரிட்ஜுக்குள் சீஸ் வேர்த்துவிட்டது. இரண்டாவது தடவை ஐஸை உடைத்து அப்படியே உள்ளே வைத்தாள். ஈரத்தில் புகைக்கரி ஒட்டிக்கொண்டு சீஸ் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. அப்புறம்தான் உப்பளத்துக்காரியின் மூளை வேலை செய்தது. நுணுக்கிய ஐஸில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டு, தூக்குவாளியில் அடைத்து, மூடி, பிரிட்ஜின் மேல்தட்டு ஓரத்தில் தொங்கவிட்டாள். ஐஸோடு உப்பு சேர்ந்தால் குளிர் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று குல்பி விற்கிறவனைக் கேட்டால் சொல்வான். தூக்குக்கு வெளியே வெள்ளையாய்ப் பனி பூத்தது. சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு கிண்ணம். நடுக் கம்பித்தட்டில் சீஸ் காய்ந்த மேனியாக உட்கார்ந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று இறங்கின பிறகுதான் டின்னில் மாமரத்தூளைப் பற்றவைப்பாள். அதுவரைக்கும் நான் என்ன கத்தினாலும் தீப்பெட்டியைத் தொடமாட்டாள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை உடனே தின்னலாம் என்றுதானே நினைப்பீர்கள்? கூடாது. அன்றைக்கு வாயில் வைத்தால் கசப்பு, காரல். புகை மேலேயே நிற்குமாம். எண்ணெய்த்தாளில் சுற்றிக் குளிர்ச்சியில் பதினைந்து நாள் விட்டால்தான் உள்ளே இறங்குமாம். நல்ல பிரிட்ஜ் அவளிடம் இல்லாததால் பொட்டலங்கள் என் வீட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கும். என்னை நம்பித்தான் வைத்தாள்.

சீஸைப் பொட்டலம் கட்டினதும் வீட்டுக்குள் போய், சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் பதினைந்து நாள் தள்ளி நீலப் பேனாவால் ஒரு வட்டம் போடுவாள். பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டாள். சீஸுக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவள் எல்லாவற்றுக்கும் போட்டாள்.

ஒரு நாள் அவள் புருஷன் குடித்துவிட்டு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். அவள் சிந்தினதை அள்ளி எறிந்துவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, காலண்டரில் வட்டம் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பதினைந்து நாள் அவனைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் பிடித்தான், மீன் ஆய்ந்தான், கோழியைக்கூட மரியாதையாக விரட்டினான். என்னிடம் வந்து, அந்த வட்டம் எதற்கென்று கேட்டுச் சொல்லுங்க அக்கா என்று கெஞ்சினான். பதினைந்தாம் நாள் அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் அவனுடைய 'ம்' மட்டும்தான். அதற்கப்புறம் அவன் வீட்டில் குடித்து நான் பார்க்கவில்லை.

அவளிடம் நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. யார் வந்தாலும் அதை இழுத்துப் போட்டு "உட்காருங்க" என்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்கும் அதே மரியாதைதான். நின்றுகொண்டு பேசுகிற பேச்சு அவளுக்கு ஆகாது.

என்னையும் ஒரு தடவை அந்த ஸ்டூலில் உட்காரவைத்தாள். மாமரத்தூள் கிடைக்காமல் அவள் அலைந்துகொண்டிருந்த சமயம், முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்திலிருந்து நான் ஒரு மூட்டை ஓடு கொண்டுவந்து போட்டேன். இதைப் போடு, பிரமாதமாய்ப் புகையும் என்றேன். "வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காலண்டரில் வட்டம் போட்டாள். நான் உச்சி குளிர்ந்துபோய் நாலு நாள் கழித்து இன்னொரு மூட்டையும் கொண்டுவந்து இறக்கினேன். பதினைந்தாம் நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, முந்திரி ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது, அந்தப் புகை பட்டதைத் தின்றால் வாய் வெந்துவிடும், இரண்டு மூட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கே சொல்றதுக்கு என்னடி?" என்று எரிந்து விழுந்தேன்.

"அன்னிக்கு நீங்க ரொம்ப சந்தோஷமா வந்தீங்கக்கா."

எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ஆத்திரம். ஒருத்தர் மேல் கோபம் என்றால் அன்றைக்கே கத்தித் தீர்த்துவிட வேண்டும், அதுதான் அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை என்று நினைக்கிறவள் நான். மனசில் வைத்துக்கொண்டு நாள் எண்ணுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டே விட்டேன். ஒரு தடவை அன்றைக்கே பேசிவிட்டேன் அக்கா, அம்மாவிடம் என்றாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அவள் வீட்டுக்கு அம்மா என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

வைகாசியில் பாய் இரண்டு கிலோ சீஸை நாலு கட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். இதுதான் பரீட்சை. அன்றைக்கு அடித்த வெயிலில் என் கடை வாசல் தார் இளகியிருந்தது. அவள் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பழைய பிரிட்ஜ் பக்கத்திலேயே இருந்தாள். தூக்குவாளியை மூன்று தடவை மாற்றினாள். நான் ஐஸ் உடைத்துக் கொடுத்தேன். தெர்மாமீட்டர் முள் அவள் சொன்ன கோட்டைத் தாண்டவே இல்லை. வெளியே எடுத்தபோது நாலு கட்டியும் வெளிர்த் தேன் நிறத்தில், ஒரு பொட்டு வேர்வை இல்லாமல் இருந்தன. அவள் புறங்கையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினைந்தாம் நாள் பாய் வருவதாகப் பேச்சு. வட்டம் போட்டாகிவிட்டது. பொட்டலங்கள் என் பிரிட்ஜில்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. விடுதியின் முதலாளி. சென்னையிலிருந்து திரும்புகிற வழியாம். சீஸ் செய்கிற அம்மா வீடு இதுதானா என்று கேட்டார். அவள் உப்பளத்தில் இருக்கிறாள் என்றேன். பரவாயில்லை, பாய் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வரச் சொன்னார், வழியில் என்பதால் நின்றேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். அவரே சொன்னார். சரி என்று சொல்லி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

என் கை சும்மா இருக்கவில்லை. இவ்வளவு பெரிய மனுஷர் வாசல்வரை வந்துவிட்டார், விட்டால் போய்விடுவார், அவள் திரும்பி வரும்போது வேலை முடிந்தது என்று சொல்லி அவளை அசத்த வேண்டும் என்று ஒரு வேகம். உள்ளே ஓடினேன். பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

அவர் மென்றார். முகம் மாறியது. கைக்குட்டையில் துப்பினார். "என்னம்மா இது, பீடித் துண்டை மென்ன மாதிரி இருக்குது" என்றார். இன்னும் நாள் ஆக வேண்டும், பதினைந்து நாள் போனால் நன்றாயிருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே கார் வரைக்கும் ஓடினேன். கண்ணாடி ஏறிவிட்டது.

சாயங்காலம் கோட்டக்குப்பத்துக்குப் போன் போட்டேன். இது புகை உள்ளே இறங்குவதற்கு முன்னால் கொடுத்தது, தப்பு என்னுடையது என்று பாயிடம் கெஞ்சினேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் முதலாளி வாயில் வைத்துத் துப்பினதை நான் மறுபடி தட்டில் வைக்க முடியாதம்மா என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பே அவளிடம் நானே சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லி அவள் கேட்கக் கூடாது. பத்தரைக்கு உப்பு மினுமினுக்கிற முகத்தோடு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன். காலண்டரில் சீஸுக்குப் போட்ட வட்டம் இருந்தது. அதிலிருந்து மூன்று நாள் தள்ளி இன்னொரு வட்டம் போட்டாள். அது எனக்கு.

திட்டுகிறவளாக இருந்தால் நான் சமாளித்திருப்பேன். இரண்டு பேரும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு, மறுநாள் வெட்கமில்லாமல் குழம்பு கடன் வாங்கியிருப்போம். அவளோ குடத்தோடு எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். துணி சுற்றின காலோடு அதே நேரத்துக்கு உப்பளத்துக்குப் போய் வந்தாள். நான் பதினைந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் புருஷன் என்னைப் பார்த்துப் பரிதாபமாக ஒரு சிரிப்புச் சிரித்தான்.

அந்த நாள் வந்தது. என் பிரிட்ஜிலிருந்து பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு "வாங்கக்கா" என்று கூப்பிட்டாள். போனேன். நீல ஸ்டூல் சுவரோரமாய் இருந்தது. அவள் அதை இழுத்துப் போடவில்லை. நான் நின்றேன்.

நான் வெட்டின கட்டியையே எடுத்தாள். வெட்டுப்பட்ட பக்கத்தைச் சீவிவிட்டு, ஒரு துண்டு நறுக்கி முதலில் எனக்குக் கொடுத்தாள். வாயில் வைத்தேன். கசப்பு இல்லை, காரல் இல்லை. பாலும் உப்புமாய் இளகி, கடைசியில் எங்கேயோ பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வருகிற மாதிரி ஒரு புகை மணம். இதைத்தான் அந்த மனுஷர் தின்றிருக்க வேண்டும். அவளும் ஒரு துண்டு தின்றாள். சரியாக வந்திருக்கிறது என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"நானும் பாத்தேன்க்கா," என்றாள். "பதினஞ்சு நாள் ஆயிடுச்சு. மனசுல இன்னும் அப்படியேதான் இருக்குது."

நான் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்கும் நான் உப்புலதான் நிக்கணும். உங்களைப் பாத்தா அதுதான் நெனப்பு வருது."

குரல் உயரவில்லை. என்னால் அவள் காலைப் பார்க்க முடியவில்லை, முகத்தையும் பார்க்க முடியவில்லை. மிச்சக் கட்டியைத் தாளில் சுற்றி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஒரு பக்கமாய்ச் சுருக்கு வைத்து முடிச்சுப் போட்டாள். அது அவளுக்கு மட்டுமே வருகிற முடிச்சு. காலண்டரில் ஒரு தாளைப் புரட்டி, அடுத்த மாதத்தில் ஒரு வட்டம் போட்டாள். பொட்டலத்தை என் கையில் வைத்தாள். அதுவரைக்கும் பிரிக்காதீர்கள், அன்றைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

வேறு யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் குடித்தனக்காரி எனக்கு நாள் குறிக்கிறாளா என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். அன்றைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு மாதம் பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பொட்டலம் என்னைப் பார்த்தது. பாலில் அந்த வாசனை, தயிரில் அந்த வாசனை. சீஸ் தின்ன வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனையோ தடவை நேரே போய் அவள் கதவைத் தட்டி, அழுதோ கத்தியோ இதை முடித்துவிடலாம் என்று கால் பரபரத்திருக்கிறது. வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். அது என்ன பொட்டலம் என்று கையை நீட்டின என் வீட்டுக்காரர், என் சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார். என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது அந்த ஒரு மாதம்தான்.

ஆடிக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து காலில் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை நீட்டினேன். எழுந்து உள்ளே கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாளின் ஓரம் நைந்திருந்தது. முடிச்சு அவள் போட்ட முடிச்சுதான்.

"பிரிக்கலையா?"

"இல்ல."

"வாசனை வந்திருக்குமே."

"தினமும் வந்துச்சு," என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள். நொண்டிக்கொண்டே போய்ச் சுவரோரமிருந்த ஸ்டூலை இழுத்து வந்து, முந்தானையால் மேலே இருந்த மணலைத் துடைத்தாள்.

"உட்காருங்கக்கா" என்றாள்.